ஏழு லிட்டர் ஜாகுவாரும் மூன்று லிட்டர் போர்ஷேவும்

எஞ்சின்களின் கதை – பகுதி 11

கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் ஸ்ரீநகர் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். 1971 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் ஹெல்முட் மார்கோவும் கீஸ் வான் லென்னெப்பும் மாறி மாறி ஓட்டிய போர்ஷே 917 கார், 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர் ஓடியது. அதே வேகத்தில் அது நம் குமரி முனையிலிருந்து கிளம்பியிருந்தால், மறுநாள் அதே நேரத்துக்குள் ஸ்ரீநகரைத் தொட்டுத் திரும்பி, டெல்லியும் ஜான்சியும் தாண்டித் தெற்கே வந்திருக்கும். பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் ஆள் மாறவும் நின்ற நேரம் எல்லாம் அதில் அடக்கம். அந்தத் தூரத்தை இன்னொரு கார் மிஞ்ச 39 ஆண்டுகள் ஆயின.

லெ மான் பந்தயம் 1923இல் தொடங்கிய கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அங்கே ஏறத்தாழ நூறாண்டாக நடந்துவரும் ஒரு வழக்கை இந்தப் பகுதியில் எடுத்துக்கொள்கிறேன். இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டிய காருக்குப் பெரிய எஞ்சின் நல்லதா, டர்போ பூட்டிய சின்ன எஞ்சின் நல்லதா? இரண்டு கட்சியும் மாறி மாறி வென்றிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன ஓட்டுநர்கள் இருவருக்கும் இந்த வழக்கில் இடம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் அரபிக்கடலில் கிடக்கிற விசைப்படகில் எஞ்சின் நின்றுபோனால் கூப்பிடு தூரத்தில் மெக்கானிக் கிடையாது. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நாள் நிற்காமல் ஓடும், எவ்வளவு டீசல் குடிக்கும் என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள். நீண்டநேரப் பந்தயத்தில் கார் செய்கிறவனுக்கும் அந்த இரண்டு கேள்விகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை.

எஞ்சினின் பலம் அது உள்ளே இழுக்கிற காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிவிடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பாடு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம். எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். இல்லையென்றால், சின்ன சிலிண்டருக்குள்ளேயே காற்றை அழுத்தித் திணிக்கலாம். டர்போ செய்வது இந்தக் கடைசி வேலையை. சிலிண்டரை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டிலிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூச்சி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கப்பல்களும் ரயில் எஞ்சின்களும் விமானங்களும் அதை எடுத்துக்கொண்டன. பந்தயக் கார்கள் தயங்கின. காரணம் சூடு. அழுத்தும்போது காற்று சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். அப்படி வெடித்தால் பிஸ்டன் போய்விடும். போதாததற்கு, ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும்.

இந்த வழக்கின் முதல் விசாரணை டர்போவுக்கு முன்பே, 1930இல் நடந்தது. பென்ட்லி நிறுவனத்தை நடத்திய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்குப் பலம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பதே கொள்கை. அவருடைய ஓட்டுநர்களில் ஒருவரான டிம் பர்க்கின் அதை ஏற்கவில்லை. நாலரை லிட்டர் பென்ட்லியின் முகப்பில், எஞ்சினே சுழற்றுகிற காற்றழுத்தியைப் பூட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர் டோரதி பேஜட் என்ற செல்வச் சீமாட்டி. அந்த ஆண்டு லெ மானில் பர்க்கின் ருடால்ஃப் கராச்சியோலாவின் மெர்சிடிஸைத் துரத்திய துரத்தலை இன்றும் பேசுகிறார்கள். மெர்சிடிஸ் நின்றுபோனது. காற்றழுத்தி பூட்டிய பென்ட்லிகளும் நின்றுபோயின. ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’ பென்ட்லிகள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. அன்று பெரிய எஞ்சின் கட்சிக்குக் கிடைத்த தீர்ப்பு பல பத்தாண்டுகள் செல்லுபடியானது. 1966இல் ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியை வீழ்த்த ஏழு லிட்டர் எஞ்சினோடு வந்து முதல் மூன்று இடங்களையும் அள்ளிச் சென்றபோது, இனி பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றே தோன்றியிருக்கும்.

அப்போதுதான் விதிப்புத்தகம் குறுக்கே வந்தது. முன்மாதிரிக் கார்களுக்கு 1968 முதல் மூன்று லிட்டர் வரம்பு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்த கார்களுக்கு மட்டும் ஐந்து லிட்டர் வரை அனுமதி. போர்ஷே அந்தச் சலுகைக்காகவே 25 கார்களைச் செய்து வரிசையாக நிறுத்தியது. அவைதான் 917, ஸ்ரீநகர் போய்த் திரும்பும் அந்தக் கார். 1972இல் ஐந்து லிட்டர் சலுகையும் போய்விட, 917 அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயங்களுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எஞ்சின் அளவுக்கு வரம்பே இல்லை. எட்டு லிட்டரை நெருங்கிய ஷெவர்லே எஞ்சின்களை எதிர்க்க போர்ஷே தன் 12 சிலிண்டர் எஞ்சினில் இரண்டு டர்போ பூட்டியது. 1973இல் மார்க் டொனஹூ ஓட்டிய 5.4 லிட்டர் 917/30 கார் 1,100 குதிரைத்திறன் தந்தது. அந்த ஆண்டின் பட்டமும் அவருக்கே. ஆனால் அவை சில மணி நேரத்தில் முடிகிற பந்தயங்கள். ஒரு முழு நாள் டர்போ தாங்குமா என்பது அப்படியே நின்றது.

அதற்கான பதிலில் எனக்கு மிகவும் பிடித்த எண் 2,142. டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கி, வரும் விடையையே அதன் அளவாகக் கொள்ள வேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. மூன்று லிட்டர் வரம்புக்குள் நிற்க எவ்வளவு பெரிய டர்போ எஞ்சின் செய்யலாம்? போர்ஷே பொறியாளர்கள் 911 காரின் எஞ்சினை 2,142 சி.சி. ஆகச் சுருக்கினார்கள். 1.4ஆல் பெருக்கினால் 2,998.8. வரம்புக்கு ஒரு சி.சி.யும் சொச்சமும் மிச்சம். சாதாரண 911 உருவத்தை வைத்துக்கொண்டே அகன்ற பின்சக்கரங்களும் பெரிய பின்னிறக்கையும் மாட்டிய அந்த கரேரா டர்போ, 1974 லெ மானில் ஏறத்தாழ 500 குதிரைத்திறனோடு ஓடி இரண்டாவதாக வந்தது. அதற்கு முன்னால் வந்தது மூன்று லிட்டர் வி12 மாத்ரா ஒன்றே. இரண்டு ஆண்டு கழித்து, 1976இல், அதே 2,142 சி.சி. எஞ்சினைத் திறந்த கூடுள்ள போர்ஷே 936இல் வைத்து ஜாக்கி இக்ஸும் வான் லென்னெப்பும் வென்றார்கள். லெ மானில் டர்போ கண்ட முதல் வெற்றி அது. 1978இல் இரண்டு லிட்டர் டர்போவோடு ரெனோ வென்றது.

டர்போ இல்லாத கட்சி அதோடு ஓய்ந்துவிடவில்லை. லெ மான் ஊர்க்காரரான ஜான் ரொண்டோ, தானே செய்து தன் பெயரே வைத்த காரில் மூன்று லிட்டர் காஸ்வொர்த் எஞ்சினைப் பூட்டி, 1980இல் இக்ஸின் டர்போ போர்ஷேவை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். தன் பெயர் தாங்கிய காரை ஓட்டி அந்தப் பந்தயத்தை வென்றவர் அவர் ஒருவரே.

1982இல் வந்த குரூப் சி விதியை, கார் பந்தய வரலாற்றில் எழுதப்பட்ட மிக அறிவார்ந்த விதி என்று நான் கருதுகிறேன். எஞ்சின் எத்தனை லிட்டர், டர்போ உண்டா இல்லையா, எத்தனை சிலிண்டர் என்று அது கேட்கவே இல்லை. பெட்ரோல் இவ்வளவுதான் என்று மட்டும் சொன்னது. டேங்க் 100 லிட்டருக்கு மேல் கூடாது. 1,000 கிலோமீட்டர் பந்தயத்துக்கு 600 லிட்டர். லெ மான் 24 மணி நேரத்துக்கு 2,600 லிட்டர். அதற்குள் எந்த எஞ்சினை வேண்டுமானாலும் கொண்டு வா. எண்ணெய் நெருக்கடிகளில் அடிபட்டு எழுந்த உலகத்துக்குப் பொருத்தமான கேள்வி அது. அந்த ஆண்டு இக்ஸும் டெரிக் பெல்லும் வென்ற போர்ஷே 956, ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர் ஓடியது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகத்தில், நாள் முழுக்க! போர்ஷேவின் மூன்று கார்கள் எண் 1, 2, 3. முடித்த வரிசையும் 1, 2, 3.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 956இன் 2.65 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ கொடுத்தது ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனம். அந்தக் கார் முதலில் ஓடிய அதே 1982இல்தான் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழில்நுட்ப உறவும் கே.கே.கே.யோடுதான்; கே.கே.கே. பின்னாளில் போர்க்வார்னர் குழுமத்துக்குள் போனது. லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் காருக்கும் டர்போ செய்யும் ஆலைகள் பையனூரிலும் புலிவலத்திலும் எழுந்தன. மார்த்தாண்டத்திலிருந்து ரப்பரும் களியக்காவிளை வழியாகக் காய்கறியும் ஏற்றிப்போகிற டீசல் லாரிகளில் இன்று டர்போ இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தின் வேரில் லெ மான் இரவுகளும் இருக்கின்றன.

1981 முதல் 1987 வரை ஏழு ஆண்டும் போர்ஷே டர்போக்களே வென்றன. அவற்றை நிறுத்த ஜாகுவார் வந்தது, ஏழு லிட்டர் எஞ்சினோடு.

டாம் வாக்கின்ஷா நடத்திய அணி எடுத்துக்கொண்டது ஜாகுவார் சொகுசுக் கார்களில் ஓடிய 5.3 லிட்டர் வி12 எஞ்சின். அதைக் குடைந்து பெரிதாக்கி ஏழு லிட்டர் ஆக்கினார்கள். டர்போ கிடையாது. சிலிண்டருக்கு இரண்டே வால்வு. அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், அவ்வளவு எளிமை. எதிரே போர்ஷே 962சி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை விழுங்கும். ஏழு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 24,500 லிட்டர் காற்றை விழுங்குகிறது. மூன்று லிட்டர் எஞ்சின் 8,000 சுற்றில் 12,000 லிட்டர். டர்போ அந்தக் காற்றை இரு மடங்கு அழுத்தத்தில் கொடுத்தால் 24,000 லிட்டருக்குச் சமம். பாதிக்கும் குறைவான எஞ்சின், ஏறக்குறைய அதே காற்று. பெட்ரோல் கோட்டாவும் இருவருக்கும் ஒன்றே. மிச்சமிருந்த வேறுபாடு, அந்தப் பெட்ரோலை யார் வீணாக்காமல் எரிப்பது, 24 மணி நேரச் சூட்டை யார் தாங்குவது என்பதுதான். பெரிய எஞ்சின் கனமானது, நீளமானது; ஆனால் அதன் காற்று குளிர்ந்தே உள்ளே போகிறது, கலவையை இறுக்கி அழுத்தி எரிக்கலாம், நெருக்கடி குறைவு. சின்ன எஞ்சின் இலேசானது. முந்த வேண்டிய இடத்தில் குமிழைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டினால் பெட்ரோல் தீரும். அந்தக் குமிழ் ஒரு சபலம்.

1988 ஜூன் 11, 12. ஹான்ஸ் ஸ்டக் தகுதிச் சுற்றில் போர்ஷேவை முதலிடத்தில் நிறுத்தினார். பந்தயத்தின் முற்பகுதியில் அதே காரை ஓட்டிய கிளாஸ் லூட்விக், இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று டேங்கின் அடிவரை ஓட்டிவிட்டார். பெட்ரோல் தீர்ந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே காரை உருட்டி பிட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு சுற்றுக்கு நெருக்கமாக இழந்திருந்தது. இரவெல்லாம் அவர்கள் துரத்தினார்கள். மறுபக்கம் ஜாகுவாரில் ஜான் லாமர்ஸ் கடைசிக் கட்டத்தில் கியர்பாக்ஸ் உடைவதை உணர்ந்தார். நான்காம் கியரில் போட்டவர் பிறகு மாற்றவே இல்லை. பிட்டிலிருந்து கிளம்புவதும் அதே கியரில்தான். இந்தக் காரியத்தை டர்போ காரில் செய்திருக்க முடியுமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சுழற்சி குறைந்தால் டர்போவில் அழுத்தம் இல்லை; அழுத்தம் இல்லாத மூன்று லிட்டர் எஞ்சின் நான்காம் கியரில் திணறியிருக்கும். ஏழு லிட்டர் எஞ்சின் அடிச்சுழற்சியிலேயே இழுத்துக்கொண்டு போனது.

லாமர்ஸ், ஜானி டம்ஃப்ரீஸ், ஆண்டி வாலஸ் மூவரின் ஜாகுவார் 394 சுற்றுகள் ஓடி வென்றது. ஸ்டக், லூட்விக், பெல் மூவரின் போர்ஷேவும் அதே 394 சுற்றுகள். ஒரு முழு நாள் ஓட்டத்துக்குப் பிறகு நடுவில் இருந்தது இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஜாகுவார் ஓடிய தூரம் 5,332 கிலோமீட்டர். 1971 சாதனைக்கு மூன்றே கிலோமீட்டர் குறைவு.

அதற்கு அடுத்த ஆண்டு ஜாகுவார் என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான சாட்சியம். அதே அணி டர்போ வி6 கார்களும் செய்தது: அமெரிக்கப் பந்தயங்களுக்கு மூன்று லிட்டர், உலகப் போட்டியின் குறுகிய பந்தயங்களுக்கு மூன்றரை லிட்டர். 1990இல் சில்வர்ஸ்டோனில் டர்போ கார் வெல்லவும் செய்தது. ஆனால் லெ மானுக்குப் பழைய வி12ஐயே தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டும் கையில் இருந்த ஒரே அணி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றையும் 24 மணி நேரத்துக்கு மற்றதையும் தேர்ந்தது. 1990 லெ மான் தகுதிச் சுற்றில் நிசானின் டர்போ காரில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு சிக்கிக்கொள்ள, மார்க் பிளண்டல் 1,000 குதிரைத்திறனுக்கு மேல் குமுறிய எஞ்சினோடு மற்ற எல்லோரையும் விட ஆறு விநாடி வேகமாகச் சுற்றி வந்தார். பந்தயத்தில் அந்தக் கார் முடிவுக்கோட்டைத் தொடவில்லை. ஜாகுவார் வி12கள் முதலிரண்டு இடங்கள். இடையில், 1989இல், ஐந்து லிட்டர் வி8இல் மிதமான அழுத்தம் தரும் இரண்டு டர்போ பூட்டி சாபர்-மெர்சிடிஸ் வென்றது. பெரிய எஞ்சினும் டர்போவும் சேர்ந்த நடுவழி அது.

அதன்பின் குரூப் சி விதி சிதைந்தது. அந்தக் குழப்ப ஆண்டுகளைத் தாண்டி 2006க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஆடி நிறுவனம் 5.5 லிட்டர் வி12 டர்போ டீசல் எஞ்சினோடு வந்து, டீசலில் ஓடி லெ மானை வென்ற முதல் காரைப் பதிவு செய்தது. ஆர்10 என்ற அந்தக் கார் 2007, 2008இலும் வென்றது. 2009இல் பழைய ஆர்10 கார்கள் இரண்டை கோலஸ் என்ற தனியார் அணி வாங்கி நிறுத்தியது. அதில் ஒன்றின் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 1,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தரும் எஞ்சின். ஃபார்முலா ஒன் கார் ஓட்டியவருக்கும் அது புதிய உலகம். தகுதிச் சுற்றுகள் முடிந்து, பந்தயம் தொடங்கச் சற்று முன்பு, பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து அவருடைய தோள்பட்டை விலகிவிட்டது. பந்தயத்தில் அவர் ஓட்டவே முடியவில்லை. ஆந்த்ரே லாட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே 24 மணி நேரம் ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். முதல் மூன்று இடங்கள் பூஜோ, ஆடி டர்போ டீசல்களுக்கு. நான்காமிடம் டர்போ இல்லாத ஆறு லிட்டர் வி12 ஆஸ்டன் மார்ட்டினுக்கு. பெட்ரோல் கார்களில் அதுவே முதல்.

2012இல் சென்னையின் கருண் சந்தோக் போனார். சோழவரப் பந்தயக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. அவருக்குக் கிடைத்தது எதிர்க்கட்சிக் கார்: டர்போ இல்லாத 3.4 லிட்டர் ஹோண்டா வி8. டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் இருவரோடும் சேர்ந்து 357 சுற்றுகள் ஓடி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக முடித்தார். லெ மான் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். வென்ற ஆடி 378 சுற்றுகள், 3.7 லிட்டர் டர்போ டீசல், உடன் மின் மோட்டார். பெரிய தொழிற்சாலை அணிக்கு எதிரே ஒரு சிறு தனியார் அணி ஆறாமிடம் பிடித்ததை நம் நாளிதழ்கள் அன்று சில வரிகளில் முடித்துக்கொண்டன. இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டிய முடிவு.

2014 விதி, குரூப் சியின் எண்ணத்தை இன்னும் கறாராகத் திருப்பிக் கொண்டுவந்தது: ஒரு சுற்றுக்கு இவ்வளவு எரிபொருள்தான். போர்ஷே இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ கொண்டுவந்தது. டொயோட்டா 3.7 லிட்டர் வி8. ஆடி நான்கு லிட்டர் டீசல். மூன்று பேர், மூன்று விடை. 2015இல் போர்ஷே வென்றதும் டொயோட்டா தன் வி8ஐக் கைவிட்டு 2.4 லிட்டர் டர்போ வி6க்கு மாறியது. 2016 லெ மானில் கசுகி நகஜிமா முதலிடத்தில் கடைசி நிமிடங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். வெற்றிக்கு ஒரு சுற்று மிச்சமிருக்கையில் கார் பலமிழந்து பிரதான மேடைக்கு எதிரிலேயே நின்றது. டர்போவுக்கும், அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையே காற்று போகும் குழாயின் இணைப்பு ஒன்று பழுதாகி, டர்போவின் கட்டுப்பாடு போய்விட்டதாக டொயோட்டா பின்னர் அறிவித்தது. வி8இல் அப்படி ஒரு குழாயே கிடையாது. ஆனாலும் டொயோட்டா பின்வாங்கவில்லை. டர்போவோடு நின்று 2018 முதல் 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது.

இன்று களத்தில் எல்லா அளவும் உண்டு. மூன்று லிட்டர் டர்போ ஃபெராரி 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் வென்றிருக்கிறது. டர்போ இல்லாத 5.5 லிட்டர் வி8 கெடிலாக் 2025இல் தகுதிச் சுற்றில் முதலிடம். அதே ஆண்டு ஆறரை லிட்டர் வி12 ஆஸ்டன் மார்ட்டினும் வந்துவிட்டது. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்குப் போகும் விசையை அளவிட்டு, ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு பலம், இவ்வளவு எடை என்று அமைப்பாளர்களே பந்தயத்துக்குப் பந்தயம் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். யார் எந்த எஞ்சினைக் கொண்டுவந்தாலும் கிடைக்கும் பலம் ஏறக்குறைய ஒன்றே. அணிகள் நிறைய வருவதற்கு இது உதவியிருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். 1988இல் ஏழு லிட்டருக்கும் மூன்று லிட்டருக்கும் நடுவே ஒரு பெட்ரோல் டேங்க் தீர்ப்புச் சொன்னதே, அந்த மாதிரித் தீர்ப்பு இந்த முறையில் கிடைக்காது. பெட்ரோலை அளந்து கொடு, மற்றதைப் பொறியாளரிடம் விடு என்ற குரூப் சி முறைக்குத்தான் என் வாக்கு.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது, அங்கே வேலை பார்க்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் கொடியோடு போய் நின்றார்கள். அது டர்போ இல்லாத நான்கு லிட்டர் போர்ஷே. அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் இந்த வழக்குக்கு அங்கே இடமில்லை.

அடுத்த பகுதி சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 948 சி.சி. ஹெரால்டும் 1,089 சி.சி. ஃபியட்டும் 1,489 சி.சி. அம்பாசடரும் மோதிய காலம், 848 சி.சி. டால்பின் பெரிய கார்களைத் திணறடித்த காலம். கோவையின் கரிவரதன் மாருதியின் 796 சி.சி. எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்து, நரேன் போன்ற இளைஞர்களுக்கு வழி திறந்த காலம். ஓட்டியவர்களின் பெயர்கள் ஓரளவு பதிவாகியிருக்கின்றன. அந்த எஞ்சின்களைக் குடைந்து, வால்வு தேய்த்து, இரவோடு இரவாகக் கோர்த்துக் கொடுத்த மெக்கானிக்குகளின் பெயர்கள் பதிவாகவில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அன்று சோழவரம் போய் வேலை பார்த்தவர்களோ பந்தயம் பார்த்தவர்களோ இருந்தால், உங்களிடமுள்ள படம், நுழைவுச்சீட்டு, நினைவுக்குறிப்பு எதுவானாலும் ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறோம்.